அத்திப்பழத்துக்காக வந்த கோபம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1647-ல் நடந்த கிளர்ச்சி பற்றிய கட்டுரையை ஞாயிறு இணைப்பில் படித்தேன். பழத்துக்கு வரி போட்டார்கள், மக்கள் பொங்கினார்கள் என்று சுருக்கமாக முடித்துவிட்டீர்கள். முப்பத்தொரு வருடம் வரி அலுவலகத்தில் பேரேடு பார்த்தவன் நான். வசூலான காசு யார் கைக்குப் போனது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். கட்டுரையில் அது இல்லை.

நேப்பிள்ஸ் அப்போது ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. 1618-ல் ஐரோப்பாவில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் கஜானாவைக் காலி செய்துகொண்டே இருந்தது. அவசரத்துக்குப் பணம் வேண்டும். லேவாதேவிக்காரர்கள் மொத்தத் தொகையைக் கையில் கொடுப்பார்கள். பதிலுக்கு மாவு வரி, எண்ணெய் வரி என்று ஒவ்வொன்றின் வருமானமும் பல வருடங்களுக்கு அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்படும். பிரபுக்களில் பலரும் இதில் பணம் போட்டிருந்தார்கள். சரி, இப்படி அடகுக்குப் போன வரியை, மன்னர் சார்பில் நேப்பிள்ஸை ஆண்ட அரசப் பிரதிநிதியே நினைத்தாலும் லேசில் ரத்து செய்ய முடியுமா? முதலைத் திருப்பிக் கொடுக்காமல் கடன்காரன் விடுவானா?

முன்பிருந்த பிரதிநிதி ஒருவர், இனியும் மக்களைப் பிழிய மனமில்லாமல் 1646-ல் விலகிப் போனார். அடுத்து வந்த ஆர்க்கோஸ் பிரபுவுக்குப் பத்து லட்சம் டுகாட் (அக்கால நாணயம்) திரட்ட வேண்டியிருந்தது. வரி போடப் பாக்கி இருந்தது பழம். கோடையில் ஏழைகளின் சாப்பாடே அதுதான். எதிர்ப்பு கிளம்பியதும் ரத்து செய்வதாகச் சொன்னார், செய்யவில்லை. 1647 மே மாதம், ஸ்பெயினின் ஆட்சியிலேயே இருந்த சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கலகம் வெடித்து அங்கே உணவு வரிகள் நீக்கப்பட்ட செய்தியும் வந்து சேர்ந்தது.

ஜூலை 7, ஞாயிறு. பக்கத்து ஊரான பொஸ்ஸுவோலியிலிருந்து பழம் கொண்டுவந்தவர்களுக்கும் சந்தைக் கடைக்காரர்களுக்கும், வரியை யார் கட்டுவது என்று சண்டை. அதிகாரியின் மேல் அத்திப்பழங்கள் பறந்தன. கிளர்ச்சிக்குத் தலைவராக முன்னால் வந்து நின்ற மீனவர் மசானியெல்லோவுக்கு வயது 27. அவர் மனைவி மாவைக் குழந்தைபோலத் துணியில் சுற்றி வரி கட்டாமல் கொண்டுவந்து பிடிபட்டவர் என்று சொல்வார்கள். (எங்கள் அலுவலகத்தில் பிடித்த கடத்தல் எதுவும் இந்த அழகுக்கு வராது!)

உங்கள் கட்டுரையில் ஒரு பிழையும் இருக்கிறது. மக்கள் மன்னருக்கு எதிராகக் கோஷம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போட்டது 'ஸ்பெயின் மன்னர் வாழ்க, கெட்ட ஆட்சி ஒழிக' என்ற கோஷம். எரித்ததும், வரி வருமானத்தை எழுதி வாங்கியிருந்த குத்தகைக்காரர்களின் வீடுகளைத்தான். சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். எடுத்துக்கொண்டு ஓடியவனுக்குத் தண்டனை. யார் வீட்டில் தங்கள் காசு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மன்னரை உதறிக் குடியரசு என்று அறிவித்ததெல்லாம் அக்டோபரில், ஸ்பெயின் கப்பல்கள் நகரத்தின் மேல் குண்டு போட்ட பிறகு நடந்தது.

அப்புறம், மசானியெல்லோ கொல்லப்பட்ட இடத்தோடு நிறுத்திவிட்டீர்கள். ஜூலை 16 அன்று அவரைக் கொன்று தலையை வெட்டியபோது கூட்டம் பேசாமல்தான் இருந்தது. மறுநாள் கடையில் ரொட்டியின் எடை குறைந்திருந்தது. அதே ஜனம் உடலைத் தேடி எடுத்து, தலையைச் சேர்த்து, ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரித்துறை எழுத்தர்