சின்னம்மாவிடம் கேட்டு எழுது

உவர்மலை,
திருகோணமலை.
ஆடி அமாவாசைக்கு மறுநாள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் தணிவு. உன் சுகத்துக்கும் பேரனின் சுகத்துக்கும் கோணேசரை வேண்டுகிறோம்.

நேற்றுக் கடலில் முழுகி, தர்ப்பணம் முடித்து, விரதச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கண் மூடவில்லை. போன கிழமை போனில் நீ சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. “வீட்டை வித்துப்போட்டு வாங்கோ அப்பா. அந்தக் குப்பைக் கடதாசியளை ஆருக்காவது குடுங்கோ.” கோபம் என்று நினைக்காதே. ஒருநாள் இருந்தது, பிறகு போய்விட்டது. வீட்டைப் பற்றி அம்மாவும் நீயும் பேசி முடியுங்கள். ஊர்ச் சரித்திரம் என்று நான் எழுதிச் சேர்த்த கடதாசிக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன், நான் கேற்றைத் திறக்க முதலே வாசலில் ஒரு அம்மா நின்றா. மூதூர்ப் பக்கம். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறா. வயது எழுபதுக்கு மேல். விறாந்தையில் கதிரை போட்டும் இருக்காமல், நிலத்தில் இருந்து மடியில் வைத்திருந்த சொப்பிங் பையை அவிழ்த்தா. அதற்குள் இன்னொரு சொப்பிங் பை. அதற்குள் மடித்த இடமெல்லாம் கிழிந்த நான்கு கடதாசி. காணி அனுமதிப்பத்திரத்துக்குப் பிறப்புப் பதிவு வேண்டுமாம். ஒரு அலுவலகத்தில் மூன்று தரம் ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பலமுறை இடம்பெயர்ந்த மனிசி. கையில் மிஞ்சியது அந்த நான்கும்தான்.

அவவின் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பை நான் 1982இல் கையால் பார்த்தெழுதி வைத்திருந்தேன். அப்போது தபாற்கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பொடியன். வேலை மினக்கெட்ட வேலை என்று உன் அப்பம்மா ஏசினா. இடாப்பு பிறகு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து சண்டையில் போய்விட்டது. என் கொப்பி இருந்தது. தகப்பன் பெயரை வைத்து ஒரு மணித்தியாலம் தேடினேன். ஆள் அகப்பட்டா. வீட்டில் கூப்பிட்ட பெயரையே பதிவுப் பெயர் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறா! என் கொப்பி சட்டத்துக்குச் செல்லாது, ஆனால் சரியான பெயரும் பிறந்த தேதியும் கிடைத்தால் பதிவேட்டில் எங்கே தேடுவது என்று தெரியும். போன வெள்ளி ஒரு பை முருங்கைக்காயோடு வந்தா. பதிவு கிடைத்துவிட்டதாம். நேற்றைய குழம்பு அந்த முருங்கைக்காய்தான்.

சரித்திரம் எழுதுகிறவன் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். உண்மையில் என் பாதி நேரம் இப்படித்தான் போகிறது. பென்சன் விண்ணப்பம், காணாமற்போன உறுதி, மரண உதவிச் சங்கத்துக் கணக்கு, சிரமதானத்துக்கு மண்வெட்டி இரவல் வாங்குவது. மிச்சப் பாதியில்தான் பறங்கியும் (போர்த்துக்கேயன்) ஒல்லாந்தனும் (டச்சுக்காரன்) வருவார்கள். அவர்கள் எங்கே போனார்கள்? கோயிலை இடித்த பறங்கி எங்களுக்குக் கதிரை, அலுமாரி என்ற சொற்களை விட்டுப் போனான். ஒல்லாந்தன் கந்தோர் (அலுவலகம்), கக்கூசு என்ற சொற்களைத் தந்தான். முப்பத்தைந்து வருசம் நான் சம்பளம் எடுத்தது ஒரு ஒல்லாந்துச் சொல்லுக்குள் இருந்துதான்.

நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்கிறேன். ஒரு கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கோணேசர் கோயிலை 1624இல் இடித்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இடித்தது 1622இல்; 1624இல் அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அச்சாகி வந்த பிறகு, கண் தெரியாத ஒரு பழைய வாத்தியார், பேத்தி வாசிக்கக் கேட்டுவிட்டு ஆள் அனுப்பினார். போய் நின்றேன். ஏசவில்லை. “இரண்டு வருசம் அந்தக் கல்லு சும்மா கிடந்ததெண்டு எழுத உனக்கு மனம் வரேல்லையோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு கையிலிருந்த முந்நூறு பிரதியிலும் பேனையால் திருத்தினேன். வெளியே போனவை போனவைதான். இப்போதும் யாராவது 1624 என்று மேடையில் பேசினால் எனக்குக் காது சூடாகும்.

அந்தக் கோட்டை பட்ட பாட்டைப் பார். 1639இல் ஒல்லாந்தன் பிடித்தான். 1782 தையில் ஆங்கிலேயன் பிடித்தான், அதே வருசம் ஆவணியில் பிரெஞ்சுக்காரன் பிடித்தான், பிறகு திரும்ப ஒல்லாந்தன், 1795இல் திரும்ப ஆங்கிலேயன். இன்று உள்ளே இராணுவம். வாசலில் மான்கள் நின்று சொப்பிங் பையைச் சப்புகின்றன. நீ சின்னதில் ஒன்றுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கப் போய் அழுதது நினைவிருக்கிறதா?

பெரியகுளம் விகாரைக்கும், சனிக்கிழமைகளில் என்னிடம் வரும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். அங்கே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடக்கின்றன; இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழர் கொடை கொடுத்த பௌத்தப் பள்ளி. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் சிலருக்கும் முகம் சுருங்கும், சிங்கள ஆட்களில் சிலருக்கும் முகம் சுருங்கும். கல்லில் இருப்பதைத்தான் நான் வாசிக்கலாம்.

போன மாதம் சனிக்கிழமைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரோடு எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சவக்காலைக்குக் கல்லறைகளைத் துப்பரவாக்கப் போனேன். கம்பி பிரஸ் போட்டால் எழுத்து உதிர்ந்துவிடும், ஆகவே ஆளுக்கொரு பழைய பல் பிரஸ், வாளித் தண்ணீர். சாள்ஸ் ஒஸ்ரினின் கல்லறையைக் காட்டினேன். ஆங்கில நாவல் எழுதிய ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி. 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். ஒரு பெட்டை, எட்டாம் வகுப்பு, முழங்காலில் இருந்து ஒரு எழுத்துக்குள் இருந்த பாசியை ஈர்க்கால் கிண்டிக்கொண்டே கேட்டாள்: “எங்கட ஆக்களின்ர பேர் எழுதின கல் எங்க, சேர்?”

சரவணமுத்துப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1895இல் ‘மோகனாங்கி’ எழுதிய திருமலைக்காரர், தமிழில் முதல் சரித்திர நாவல் அவருடையது என்றேன். தலையாட்டினாள். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல என்று வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தும்போதுதான் எனக்கு விளங்கியது.

1942 சித்திரை 9ஆம் தேதி, வியாழக்கிழமை காலை, யப்பான்காரன் குண்டு போட்டான். துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல்நாள் இரவே கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனக்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியில் போய் மோதியது. இன்றைக்கும் 99 தாங்கி நிற்கிறது. இதெல்லாம் எழுதியிருக்கிறது. எந்தக் கப்பல், எத்தனை விமானம், எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு ஊர்ச்சனம் எந்த றோட்டால் ஓடியது, அடுப்பில் இருந்த சோற்றை யார் இறக்கினது? அதற்கு ஒரு வரி எழுதினவன் என் கையில் அகப்படவில்லை.

வாயால் சொல்லக்கூடியவர்கள் அகப்பட்டார்கள். பன்னிரண்டு கிழவர் கிழவிகள் சொன்னதைப் பதினொரு கொப்பியில் எழுதினேன். தட்டச்சு செய்து தருகிறேன் என்ற சிநேகிதனிடம் நிலாவெளியில் கொடுத்து வைத்தேன். 2004 மார்கழி 26, சுனாமி. ஆள் தப்பிவிட்டான், அதற்குமேல் நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. மூன்றாம் நாள் போனபோது பனைக்கு அருகில் ஒரு கொப்பி மட்டை மட்டும் சேற்றில் கிடந்தது. மையெல்லாம் கரைந்து நீலத் தண்ணீர். உனக்கு அப்போது ஒன்பது வயது. “ஏன் அப்பா திரும்பக் கேட்டு எழுதேலாதோ?” என்றாய். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

மிஞ்சியதை இப்போது படமெடுத்து ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்குக் கொடுக்க ஒழுங்கு செய்கிறேன். பிறகு நீ குப்பை என்று சொன்னாலும் சொல்லு.

சரி, கடிதத்தின் காரியம் இதுதான். என் சின்னம்மா, உனக்குச் சின்னப்பம்மா, அங்கே கனடாவில், உன் வீட்டிலிருந்து இருபது நிமிசத்தில் ஸ்காபரோவில் இருக்கிறா. எண்பத்தொன்பது வயது. 1942இல் கடற்கரைப் பக்கத்து வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை. பேரன்மார் போனில் கேட்டால் “ஒண்டும் நினைவில்லை” என்று சொல்லி விடுகிறாவாம். நீ போனில் கேட்காதே, நேரில் போ. அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளைக் கொண்டு போ. குண்டைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். அந்த வீட்டுக் கிணறு எந்தப் பக்கம், மாடு நின்றதா, சித்திரை வருசத்துக்கு என்ன சட்டை தைத்திருந்தார்கள் என்று கேள். வருசம் பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது; சட்டை கட்டாயம் தைத்திருப்பார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டார்களா கட்டிவைத்துவிட்டு ஓடினார்களா என்பது தானாக வரும். போன் மேசையில் கிடக்கட்டும், பதியட்டும், ஆனால் அவவுக்குச் சொல்லிவிட்டுப் பதி. இடையில் நிறுத்தினால் நீ பேசாமல் இரு. அவ சொல்லும் சொல்லை அப்படியே எழுது, நல்ல தமிழாக்காதே.

முடிந்தால் அடுத்த சனிக்கிழமைக்கு முன் அனுப்பு. அந்தப் பெட்டையும் வருவாள்.

அம்மா ஊறுகாயும் சேர்த்து வைத்திருக்கிறா. போத்தலை இரண்டு துவாயில் சுற்றியிருக்கிறேன், உடையாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா