ஓட்டக் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஓட்டக் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஜனவரி மாரத்தானுக்கு ஆள் சேர்க்கும்போது "நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று சொல்கிறீர்கள். அந்த வரியை 42 கிலோமீட்டர் விளம்பரத்திலிருந்து எடுத்து, அன்றாட நடை, மெல்லோட்ட அறிவிப்பில் போடுங்கள். சான்று அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் உடற்பயிற்சி ஆய்வாளர் டேவிட் நீமனின் குழு சுமார் 1,000 பேரை 12 வாரம் கவனித்தது. 2011இல் வெளியான முடிவு: வாரம் 5 நாளாவது பயிற்சி செய்தவர்கள் சளி, தொண்டைத் தொற்றோடு கழித்த நாட்கள், ஒரு நாளுக்கு மேல் செய்யாதவர்களைவிட 43% குறைவு. அதே நீமன் 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தான் ஓடியவர்களிடம் விசாரித்தபோது, அடுத்த வாரம் 12.9% பேர் தொற்று என்றார்கள். பயிற்சி இருந்தும் பந்தயத்தில் ஓடாதவர்களில் 2.2%தான். தூக்கக் குறைவு, பயணம், கூட்டம் இவற்றுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

வேகமாக நடக்கும்போது அட்ரினலின் ஏறி, நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான இயற்கைக் கொல்லி செல்களும் டி செல்களும் ரத்தத்தில் பெருகுகின்றன. நிறுத்திய ஓரிரு மணியில் எண்ணிக்கை சரிகிறது. எதிர்ப்பு விழுந்துவிட்டது என்று முன்பு நினைத்தார்கள். அவை நுரையீரல் போன்ற திசுக்களுக்கு ரோந்து போகின்றன என்பது இன்றைய விளக்கம். ஒரு நாளுக்குள் பழைய நிலை திரும்பிவிடும். அதனால் ஞாயிறு மட்டும் 20 கிலோமீட்டர் ஓடுவது அன்றாடப் பயிற்சிக்கு ஈடாகாது. வாரம் 150 நிமிடம், பேச முடிந்து பாட முடியாத வேகத்தில். புதியவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டட்டும்.

இனி மழைக்காலம். உங்கள் நீண்ட ஓட்டங்கள் வருவதும், வைரல் காய்ச்சலும் டெங்குவும் பரவுவதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மூக்கொழுகல் மட்டும் என்றால் மெல்ல நடக்கலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் எந்தப் பயிற்சியும் கூடாது. பாராசிட்டமால் சூட்டைத்தான் மறைக்கும், வைரஸ் இதயத்தசையைத் தாக்கியிருந்தால் ஓட்டம் ஆளையே சாய்த்துவிடும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் ஓரிரு நாள்தான் ஆபத்தானது, 'விட்டுவிட்டது' என்று ஷூவை மாட்டும் நாளும் அதுவே. முட்டிவலிக்கு நீங்கள் கைமாற்றிக்கொள்ளும் டைக்ளோஃபெனாக், புரூஃபன் மாத்திரைகள் அப்போது ரத்தக்கசிவைக் கூட்டும்.

கட்டணம் வீணாகுமே என்றுதான் பலர் காய்ச்சலோடு வருகிறார்கள். மருத்துவர் சீட்டு காட்டினால் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரும்படி பந்தய அமைப்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு மருத்துவம், இயன்முறை சிகிச்சைத் துறையினர் சிலர்