ஹெட்டைத் திறக்காதே, சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு பூராவும் பூண்டும் பெருங்காயமும்தான் மணக்கிறது. நடுக்கூடத்தில் தொட்டில் கட்டியாகிவிட்டதால் எனக்கு இனி மொட்டை மாடிதான் கதி. பேரன் நன்றாக இருக்கிறான். ராத்திரி பூராவும் விழித்திருந்துவிட்டு பகலில் தூங்குகிறான், கரூர் ஹாஸ்டலில் நீ இருந்த லட்சணம் அப்படியே! எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

சரி, உன் மாருதி காருக்கு வருகிறேன். எஞ்சின் இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, வால்வு கிரைண்டிங் வரை செய்தும், தஞ்சாவூர் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மெக்கானிக் மறுபடி எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து பார்க்கலாம் என்கிறாராம். வேண்டாம். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) 160 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கிறது, வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங்கில் ஆட்டமில்லை, ஊருக்குள் நல்ல இழுவை, புகை போயே போச்சு என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். ரிங்கோ வால்வோ சரியில்லாத எஞ்சின் குறைந்த வேகத்திலேயும் திணறும். மேல் வேகத்தில் மட்டும் படுக்கிறதென்றால், எஞ்சினுக்குள் வருகிற ஏதோ ஒன்று போதவில்லை, இல்லாவிட்டால் வெளியே போகவேண்டியது போகவில்லை.

அந்த 796 சிசி எஞ்சின் தன் முழு 37 குதிரைசக்தியைக் கொடுப்பதே 5000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்றில்தான். அந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 2500 தடவை மூச்சை இழுத்து வெளியே விட்டாக வேண்டும். 2000 ஆர்.பி.எம்.மில் தெரியாத அடைப்பெல்லாம் அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும்.

செலவில்லாதவற்றை முதலில் பார்த்துவிடு. தங்கச்சியை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டு கடைசிவரை திறக்கிறதா என்று நீ பார். எஞ்சின் இறக்கி ஏற்றிய வண்டிகளில் கேபிள் தளர்ந்திருப்பது சகஜம். அதன் இரண்டாவது பேரல், அதாவது வேகத்தில் திறக்கும் இரண்டாவது காற்றுவழி, திறக்கிறதா என்பதை ஓட்டத்தில்தான் பார்க்க முடியும். அதைத் திறக்கும் டயாபிரம் சவ்வு கிழிந்திருந்தாலும் இதே கதைதான். ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பம்ப்புக்கு அடியில் மட்டும் ஒரு பார்வை போடு. பழைய பேக்கிங்கை எடுக்காமல் அதன்மேலேயே புதிது வைத்துவிடுவார்கள். பம்ப் எட்டிப்போய் தள்ளு தூரம் குறையும், ஐடிலிங்குக்குப் போதுகிற பெட்ரோல் ஓட்டத்துக்குப் போதாது.

அடுத்தது டைமிங், பிளக் பொறி அடிக்கும் நேரம். டைமிங் லைட் வைத்திருப்பவரைப் பிடித்து, வேகம் ஏற ஏறக் குறி நகர்கிறதா என்று பார்க்கச் சொல். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்பப் பொறியை முன்னே தள்ளுகிற எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஐடிலிங்கில் வைத்த டைமிங் அப்படியே நிற்கும், மேலே வண்டி இழுக்காது. டைமிங் பெல்ட் கவரையும் கழற்றி குறிகளைச் சரிபார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு பல் முன்னே போயிருந்தாலும் கீழே ஜோராக இழுத்து மேலே சோர்ந்துவிடும். உன் வண்டியின் குணம் அதற்கும் பொருந்துவதால் இதைத் தள்ளிப்போடாதே.

ஆனால் என் சந்தேகம் வேறு இடத்தில். உன் வண்டி 1998ல் சென்னையில் பதிவானது. 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்கு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம், ஈயமில்லாத பெட்ரோலும் முதலில் அந்த ஊர்களுக்குத்தான் வந்தது. அதே 1998ல் உங்கள் கும்பகோணத்தில் வாங்கிய கார்புரேட்டர் மாருதியில் அது இருந்திருக்காது. உங்கள் ஊர் மெக்கானிக் கை பழகியதெல்லாம் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி. அடியில், முன் குழாய்க்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு பருத்த டப்பா இருக்கிறதா என்று குனிந்து பார். இருந்தால் ஆள் அகப்பட்டான் என்றே நினைக்கிறேன்.

போர் போடுவதற்கு முன் வண்டி ஆயில் குடித்ததே, ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று போனில் புலம்பினாயே, அதெல்லாம் எரிந்து சாம்பலாகி அந்த டப்பாவழியாகத்தான் போயிருக்கிறது. உள்ளே தேனடை மாதிரி பொடிப்பொடித் துளைகள். சாம்பல் படியும். பிளக் சரியாக அடிக்காத நாட்களில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் அந்தச் சூட்டில் துளைகள் உருகி மூடிக்கொள்ளவும் செய்யும். எஞ்சினைப் புதிதாக்கினோம் சரி, அது ஊதுகிற குழாயை யாரும் தொடவில்லையே.

இதைக் கண்டுபிடிக்க ஹெட்டைத் திறக்க வேண்டியதில்லை, எஞ்சின் உறிஞ்சுவதை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜ் போதும். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் செருகி ஐடிலிங்கில் பார். உங்கள் ஊர் சமதளத்தில் 18லிருந்து 20 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும் (இங்கே கோவையில் மேட்டில் இருப்பதால் ஓர் அங்குலம் குறையும்). பிறகு 2500 ஆர்.பி.எம்.மில் அசையாமல் பிடி. முள் முதலில் சட்டென்று கீழே குதிக்கும், அதைக் கண்டுகொள்ளாதே. உடனே பழைய இடத்துக்கு ஏறி நின்றால் குழாய் சுத்தம். நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்புதான். கேஜ் கிடைக்கவில்லையென்றால் வண்டி ஆறியபின் முன் குழாயின் ஜாயின்டைத் தளர்த்திவிட்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார். தெருவே எழுந்துவிடும், அதனால் காலங்கார்த்தாலே வேண்டாம். ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொள், அந்தப் புகை ஆபத்தானது. அறுபது எழுபதாகிறதா என்பது ஒரு மைலுக்குள் தெரிந்துவிடும்.

அடைப்பு என்றால் புது கன்வெர்ட்டரே போடு. உள்ளே கம்பியால் குத்தி காலி செய்து தருகிறேன் என்று ஒருவர் நிச்சயம் வருவார். உனக்கு 2028ல் மறுபடி எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) இருக்கிறது, அப்போது புகைப் பரிசோதனையில் நின்று முழிக்காதே. அத்துடன், புது வால்வு சீட் இல்லையா, முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) ஒருமுறை பார்க்கச் சொல். அதுவரை நீ சும்மா சும்மா எண்பதைத் தொடப் பார்க்காதே.

மெக்கானிக்கிடம் சண்டை போடாதே. போர் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார், கம்ப்ரஷனே சாட்சி.

பேரனுக்குப் பெயர் சூட்டுவது ஐப்பசியில். தேதி குறித்ததும் போன் செய்கிறேன், தங்கச்சியையும் அழைத்து வா. ரயிலில் வந்தாலும் சரி, வண்டியில் வந்தாலும் சரி. முள் எவ்வளவு காட்டியது என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
முருகேசன்