கூத்துக்கு மழைக்காலப் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் கலை என்றால் முதலில் தெருக்கூத்துதான். அதை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலே எல்லோரும் விழா மேடையைத்தான் நினைக்கிறார்கள். மேடையில் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். இரவு மேளக்கட்டு என்ற தொடக்க வாத்திய முழக்கத்தில் தொடங்கி விடியும்வரை ஆடுகிற ஆட்டத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால், பதினைந்து பேர் கொண்ட ஜமா என்ற கூத்துக் குழுவில் ஐந்தாறு பேர்தான் வண்டி ஏறுவார்கள். முதலில் கழிக்கப்படுவது முகவீணை என்ற சிறு ஊதுகுழல், அடுத்து ஆட்டக்காரருக்குப் பின்னிருந்து பாடும் பின்பாட்டு. மேடை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் கலைஞர்களுக்கு வருமானமும் மதிப்பும் தருகின்றன. ஆனால் அடுத்த ஆட்டக்காரர் அங்கே உருவாவதில்லை. அவர் உருவாக வேண்டிய இடம் ஊர், உருவாக வேண்டிய காலம் மழைக்காலம்.

மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழ்வதை நடிக்கும் படுகளமும் தீமிதியும். அந்த மாதங்களில் வாத்தியாருக்குத் தூங்கவே நேரம் போதாது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால், கருமாதிக்குக் கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவதைத் தவிரப் பெரிதாக வேலை இருக்காது. கலைஞர்கள் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி முதல் மார்கழி முடிய 12 வாரம். வாரம் மூன்று மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 72 மணி நேரம் கிடைக்கும். அதற்குள் ஒருவர் கூத்தாடி ஆகிவிட மாட்டார். ஆனால் தாளம் பிடிபடும். ஒரு வேடம் திரைக்குப் பின்னிருந்து அறிமுகமாகும் திரைப் பிரவேசம், அதற்கான விருத்தம், பாட்டு, அடவு வரை வந்துவிடும். அந்த அளவுக்குத் தேறிய பிள்ளையை அடுத்த பங்குனியில் ஜமாவில் பின்பாட்டுக்கோ சிறு வேடத்துக்கோ சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாத்தியாருக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. அதற்கு மேல் போனால் பின்வரிசையில் நிற்பவர் கால் தப்பு அவர் கண்ணில் படாது, தப்பே பழக்கமாகிவிடும். முதல் மூன்று வாரம் சலங்கை கட்டாமல் கைத்தாளமும் பாட்டும் மட்டும் போதும். சலங்கையை முதல் நாளே கட்டிவிட்டால் அதன் ஓசையில் தாளப் பிழை மறைந்துகொள்ளும். இடம் தேடும்போது சமுதாயக் கூடத்தின் சிமெண்டுத் தரையைக் கொடுத்துவிடுகிறார்கள். குதித்துச் சுழன்று ஆடுகிற ஆட்டம் இது. சிமெண்டில் மூன்று மாதம் பழகினால் முழங்காலும் குதிகாலும் கெட்டுவிடும். கூரை போட்ட மண் தரைதான் ஏற்றது.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகவீணை ஏறக்குறைய ஓரடிக் குழல். சுருதி உயரம், துளை போட்ட மரம், பாடுபவருக்காக அது இறங்கி வராது. ஆர்மோனியமும் பாட்டும்தான் அதை எட்டிப் பிடிக்க வேண்டும். குரல் உடைகிற வயதுப் பையன்களை அந்தச் சுருதியில் கத்த வைத்தால் தொண்டை கெட்டுப்போகும். அந்த ஓராண்டு அவர்களுக்கு மிருதங்கமோ டோலக்கோ கற்றுக்கொடுக்கலாம். முகவீணை வாசிப்பவர் கிடைப்பதே இப்போது அரிது. கீபோர்டு வைத்துச் சமாளிக்கிற ஜமாக்களும் உண்டு. அதனால் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரையாவது முகவீணைக்கென்றே ஒதுக்க வேண்டும். முகவீணையின் வாயில் பொருத்தி ஊதும் சீவாளி எளிதில் உடையும் என்பதால் தலைக்கு நாலைந்தாவது கையிருப்பு வேண்டும். பட்டியலில் இதை எழுத மறந்துவிட்டு, பாதியில் பயிற்சி நின்றுபோவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மர அணிகள் கட்டி ஆடும் கட்டை வேடத்துக்கான கிரீடமும், தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுகின்றன. எடை குறைவு என்பதால்தான் அந்த மரம். ஈரம் காயாமல் செதுக்கினால் பிற்பாடு வெடித்து, ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உதிரும். நிழலில் நன்றாக உலர்த்திய மரமே வேண்டும். ஆட்டம் முடிந்து வியர்வையோடு பெட்டியில் போட்டு மூடுவதும் அதே கேட்டைத் தரும். இந்தக் கைவேலை தெரிந்தவர் சிலரே இருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு வாரமாவது அவரை அழைத்து, கூலி கொடுத்து, பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கும்படி செய்யச் சொல்ல வேண்டும்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. செய்யாறு வட்டம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தார் மன்றம் வைத்துக் கூத்தைக் கட்டிக் காத்து வருகிறார்கள். காஞ்சிபுரம் அருகே 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்திப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்பித்தது. பெண் பிள்ளைகள் மீசை வைத்துக் கட்டை வேடம் கட்டியது அங்கேதான் இயல்பாயிற்று. எல்லா ஊரிலும் அந்த அளவு குருகுலம் முடியாது. மூன்று மாதப் பயிற்சி முடியும்.

இதற்கு ஜமாக்கள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் மன்றமாகப் பதியலாம். பதிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்டுப் பொதுக்குழு கூட்டுவதில்லை, கணக்குத் தாக்கல் செய்வதில்லை, சில ஆண்டு கழித்து நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போது பதிவு நடப்பில் இல்லை என்று திரும்பி வருகிறது. மன்றத்தின் பணம் வாத்தியாரின் சொந்தக் கணக்கில் வருவது இன்னொரு வினை. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பங்கு பிரிக்கும் நாளில் சந்தேகம் முளைக்கும், ஜமா இரண்டாகும். மன்றத்தின் பெயரில் கணக்கு, காசோலையில் இருவர் கையெழுத்து என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையை ஆட்டக்காரர் மட்டுமல்லாமல், தாளம் போடுபவரும் திரை பிடிப்பவரும் எடுத்து வைக்க வேண்டும்.

கலை பண்பாட்டுத் துறைக்கும் மாவட்டக் கலை மன்றங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. கூத்துப் பயிற்சிக்கு நிதி ஒதுக்குவதானால் ஆவணிக்குள் முடிவு சொல்லுங்கள், புரட்டாசியில் முதல் தவணையைக் கொடுங்கள். நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் பணம் வந்தால், அப்போது வாத்தியார் அரிதாரம் பூசி ஏதோ ஓர் ஊர்க் களரியில் நின்றுகொண்டிருப்பார்.

இப்படிக்கு,
தெருக்கூத்துப் பயிற்றுநர்களும் ஆர்வலர்களும்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.