உன் செருப்பு தேய்ந்த பக்கம்

பாப்பாவுக்கு,

நேற்று கால் ஆபரேஷன் பேச்சை எடுத்ததும் "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். பேச்சில் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். படித்த கையோடு கூப்பிடாதே, ஒருநாள் கழித்துக் கூப்பிடு.

32 வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ஊரார் காலுக்கெல்லாம் அளவு தெரிந்தவனுக்கு வீட்டுப் பிள்ளையின் கால் தெரியாமல் போனது. நீ ஆறாவது படிக்கும்போது ஒரு செருப்பு மூன்று மாதம் தாங்காது. குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் கத்தியால் சீவினது போலச் சரிந்து தேய்ந்திருக்கும், உள்பக்கம் புதுசு கலையாமல் இருக்கும். காலைத் தேய்த்து நடக்கிறாய் என்று திட்டினேனே தவிர, அதைத் திருப்பிப் பிடித்து ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. உங்க ஆயாவுக்கும் அதே கொக்குக் கால்தான். ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்தால் குதிகாலும் முன்பாதமும்தான் பதியும், நடுவில் ஒன்றும் இருக்காது. குடும்ப ஜாடை என்றே நினைத்தோம். அப்புறம் ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார், அதிலும் கொஞ்ச காலம் போனது.

போன மாதம் வேலூரில் டாக்டர் சொன்னதை நீ பாதி கேட்டாய், பாதி நேரம் போனைப் பார்த்தாய். நோயின் பெயரில் 'டூத்' இருக்கிறதே, பல்லையும் காட்டணுமா என்று உங்க அம்மா கேட்டாள். சார்கோ, மாரி, டூத் என்று 1886-இல் இதைப் பற்றி எழுதிய மூன்று டாக்டர்களின் பெயர் அது. பரம்பரையாக வரும் நரம்பு நோய். நீளமான நரம்புகளைத்தான் முதலில் பிடிக்கும், அதனால் பாதத்தில் ஆரம்பிக்கிறது. பாதத்தைத் தூக்குகிற தசையும் வெளிப்பக்கம் திருப்புகிற தசையும் சோர்ந்துபோக, உள்ளே இழுக்கிற தசை மட்டும் பலமாக நிற்கிறது; கயிறு இழுப்பதில் ஒரு பக்கத்தான் கையை விட்ட கதைதான். பெருவிரலுக்குப் பின்னாலிருக்கும் எலும்பு கீழே அழுந்துகிறது, வளைவு உயர்கிறது, குதிகால் உள்ளே சாய்கிறது. உன் கணுக்கால் அடிக்கடி பிசகுவது அதனால்தான்.

ஒரு அங்குல மரக்கட்டை வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? குதிகாலையும் வெளி ஓரத்தையும் அதன்மேல் வைத்து, பெருவிரல் பக்கத்தைக் கீழே விட்டு நிற்கச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். சாய்ந்திருந்த குதிகால் நேராக வந்து நின்றது, பாப்பா. உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததால் நீ பார்க்கவில்லை.

குதிகால் இன்னும் இறுகவில்லை என்று அதற்கு அர்த்தம். இப்போது செய்தால், உள்ளங்காலில் இறுகிய பட்டையைத் தளர்த்தி, பெருவிரல் பக்கத்து எலும்பில் ஆப்பு போல வெட்டியெடுத்துத் தூக்கி, தேவைப்பட்டால் குதிகால் எலும்பையும் வெட்டி நகர்த்தி, உள்ளே இழுக்கும் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை, எடுத்துப் பாதத்தின் மேல்பக்கம் பொருத்துவார்கள். மூட்டுகள் பிழைத்துக்கொள்ளும். இறுகின பிறகு போனால் மூன்று மூட்டுகளை ஒட்டவைப்பதுதான் வழி. பாதம் நேராகும், ஆனால் மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது, அந்தப் பாரத்தில் பக்கத்து மூட்டுகள் பிற்காலத்தில் தேயும். ரெண்டு வருஷம் என்றதும் நான் பதறினது இதனால்தான்.

நோய் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆறு வாரம் போல மாவுக்கட்டு, காலை ஊன்றக்கூடாது, அப்புறம் காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், பயிற்சி. தசை இடம் மாறினது மூளைக்குத் தெரியாது. பாதத்தை உள்ளே திருப்புவதாக நினைத்தால்தான் முதலில் மேலே எழும்புமாம். கேட்கவே வேடிக்கையாக இருந்தது.

நம் பக்கத்துக்கு இந்த ஆபரேஷன் புதுசில்லை. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கின விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினவர். தொழுநோய்க்கான கரிகிரி ஆஸ்பத்திரி 1955-இல் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர், தொழுநோயில் பாதம் தொங்கிப்போனவர், முழங்காலை உயரத் தூக்கித் தொப் தொப்பென்று வைத்து நடப்பார். சத்தத்தை வைத்தே அவர் வருவதைச் சொல்லிவிடுவோம். கரிகிரியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு சில மாதம் கழித்து வந்தார். ஒருநாள் திண்ணையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் வந்ததே தெரிந்தது.

மாவுக்கட்டோடு இருந்தால் சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்களோ என்று அம்மாவுக்குக் கவலை. கேட்கட்டும். செலவைப் பற்றி நீ யோசிக்காதே. கால் உன்னுடையது, முடிவும் உன்னுடையதுதான், ஆனால் தீபாவளிக்கு வரும்போது இன்னொரு தரம் டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு. காட்பாடிக்கு நான் வருகிறேன், ஆட்டோ பேரம் பேசிக்கொண்டு நிற்காதே.

பழைய செருப்பு ஒரு ஜோடியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வா, நன்றாகத் தேய்ந்ததாக. டாக்டர் கேட்டார். நானும் பார்க்கணும்.

உன் நைனா