இருட்டைக் காத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்கும் அன்புக்கும் உரியவர்களுக்கு,

வணக்கம். உடனொளிர்வு (fluorescence) நுண்ணோக்கியின் முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்த நான், இந்த மாத இறுதியில் மும்பை ஆய்வகத்தின் சாவியை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெறுகிறேன். எங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்வதற்கென்று நான்கு வரிகள் உண்டு. நிதி அளித்த அமைப்புகளும் கருத்துரைத்த பேராசிரியர்களும் அதில் இடம் பெறுவார்கள். அந்த நான்கு வரிகளுக்குள் வராமல் போனவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு மூலக்கூறைக் காண நிறைய வெளிச்சம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எங்களுக்கு வேண்டியது இருட்டு. சாய மூலக்கூறு ஒன்று லேசர் ஒளியை ஏற்று, சில நானோநொடிகளில் அதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளியைத் திருப்பித் தருகிறது. இதுவே உடனொளிர்வு. வெளுத்து அணைவதற்குள் அது தரக்கூடியது சில லட்சம் ஃபோட்டான்கள் எனும் ஒளித்துகள்கள், மிகவும் நல்ல சாயமானால் பத்து லட்சம். அவற்றிலும் ஒரு சிறு பங்குதான் எங்கள் உணர்கருவிக்கு வந்து சேரும். கண்ணாடியில் ஒட்டிய தூசி, வில்லையில் படிந்த பூஞ்சை, கதவிடுக்கில் கசியும் குழல்விளக்கு என எதுவும் அந்தச் சிறு பங்கை மூழ்கடித்துவிடும். தண்ணீரும் விதிவிலக்கல்ல. 488 நானோமீட்டர் லேசர் தண்ணீரில் விழுந்தால் 585 நானோமீட்டர் அருகே ஒரு மெல்லிய ஒளி எழும். அது ராமன் சிதறல்: மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு அலைநீளம் மாறிவிடுவது. 1923இல் கல்கத்தாவில் கே. ஆர். இராமநாதன் அதைக் கண்டபோது, திரவத்திலுள்ள அழுக்கினால் வரும் வலுவற்ற உடனொளிர்வு என்றே கருதப்பட்டது. திரவத்தை எத்தனை முறை தூய்மையாக்கியும் அது மறையாததில் தொடங்கிய கேள்விக்கு 1928இல் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் விடை கண்டார்கள். அவர்கள் உடனொளிர்விலிருந்து பிரித்தெடுத்த அதே ஒளியைக் கழித்துவிட்டு, மிஞ்சும் உடனொளிர்வைத் தேடுவதிலேயே என் பணிக்காலம் கழிந்தது.

முதல் நன்றி, சங்கரன்கோவிலில் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அறிவியல் கற்பித்த ஆசிரியர் ஐயா அவர்களுக்கு. முருங்கை இலையை உரலில் இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஓட்டுக் கூரையின் பொத்தல் வழியே விழுந்த வெயிலில் அந்தக் கண்ணாடிக் குவளையைப் பிடித்தீர்கள். வெயிலை எதிர்கொண்டு பார்த்தபோது பச்சையாக இருந்த சாறு, பக்கவாட்டில் பார்த்தபோது இரத்தச் சிவப்பாக இருந்தது. அதைத்தான் 1833இல் டேவிட் புரூஸ்டர் விவரித்தார் என்பதையும், 1852இல் ஸ்டோக்ஸ் உடனொளிர்வு எனும் இந்த நிகழ்வுக்குப் பெயரிட்டார் என்பதையும் பின்னாளில்தான் படித்தேன். ஆனால் ஒரே பொருளை இரு திசைகளிலிருந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை அன்றே பெற்றேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஜி. என். இராமச்சந்திரன் வளர்த்தெடுத்த உயிர் இயற்பியல் மரபில் எனக்குப் பாடம் நடத்தியவர்கள், ஒவ்வொரு எண்ணையும் கையால் கணக்கிட்டுப் பார்த்த பிறகே நம்பச் சொன்னார்கள். அங்கே நூலகத்தில் இருந்த அம்மையாரை நான் மறக்கவில்லை. எங்களிடம் வராத ஆய்விதழ்களில் ஒரு கட்டுரை தேவைப்பட்டால், அதை எழுதியவருக்கே அஞ்சலட்டை அனுப்பிப் படி கேட்கும் வழியை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தபால்தலைக்குப் பணமில்லாத மாதங்களில் தாமே ஒட்டியும் அனுப்பினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மாக்டே, எல்சன், வெப் ஆகிய மூவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வை அப்படித்தான் படித்தேன். ஒரு லிட்டரை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவே உள்ள ஒளிப்புள்ளி ஒன்றைக் கரைசலில் குவித்தால், ஒரு நானோமோலார் அளவிலான மிக நீர்த்த கரைசலில் அதற்குள் சராசரியாக 0.6 மூலக்கூறுதான் இருக்கும். ஆகவே மூலக்கூறுகள் உள்ளே வந்து வெளியே போகும்போது ஒளி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் காலத்தைக் கொண்டே மூலக்கூறின் பருமனைச் சொல்லிவிடலாம். அதைப் படித்த அன்றே என் வழி முடிவாகிவிட்டது.

தாராவியில் குடியிருந்த பட்டறை அண்ணாச்சி அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் நுண்ணோக்கியை நாங்களே கட்டினோம். செல் சவ்வில் புரதங்கள் நகரும் வேகத்தை அளந்தபோது, இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை அவை மெதுவாகி, மீண்டும் விரைவதைக் கண்டேன். புரதங்கள் ஒன்றுகூடித் திரள்வதும் பிரிவதுமே காரணம் என்று நம்பிக் கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது என் முதல் முனைவர் பட்ட மாணவி, எதனோடும் திரளாத ஒரு சாயக் கொழுப்பை அதே சவ்வில் வைத்து இரவு முழுவதும் அளந்து, அதுவும் அதே இருபது நிமிடத் தாளத்தில் மெதுவாவதைக் காலையில் என் மேசையில் வைத்தார். குளிர்பதனக் கூடத்தில் பணியாற்றிய நண்பர் தம் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். கம்ப்ரசர் இயங்கி நிற்கும் இடைவெளியும் எங்கள் தாளமும் ஒன்றாக இருந்தன. அறையின் வெப்பம் அரை டிகிரி ஏறி இறங்கியது. எங்கள் வில்லைத் தாங்கி அலுமினியத்தால் ஆனது. பத்து சென்டிமீட்டர் நீள அலுமினியம் அரை டிகிரிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் நீளும். அந்த அளவுக்கு வில்லை விலகினால் குவியம் சவ்வை விட்டு அகன்று, ஒளிப்புள்ளி அகலமாகி, அதைக் கடக்கும் நேரம் கூடிவிடும். புரதம் எதுவும் செய்யவில்லை. இரண்டு மாத அளவீடுகளை ஒதுக்கிவைத்தேன்.

அண்ணாச்சி, நீங்கள் அந்தத் தாங்கியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சூட்டுக்கு நீளுற உலோகம், இதில் ஏன் செய்யச் சொன்னீர்கள்?" என்று கேட்டீர்கள். அலுமினியம் நீளும் அளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே நீளும் இன்வார் உலோகத்தில், லேத்தில் மூன்று வாரம் பொறுமையாகக் கடைந்து புதிய தாங்கி செய்து தந்தீர்கள். ஒளி செல்லும் குழாய்களின் உட்புறத்தில் நான் கேட்காமலே மரை வெட்டிக் கருப்பேற்றியிருந்தீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்த மரைகள் விழுங்கின. பின்னணி ஒளி பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அதன் பிறகு வெளிவந்த எங்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் உங்கள் கைவேலை இருக்கிறது. பெயர் இல்லாமல் போனது என் தவறு.

மும்பையின் மழைக்காலம் வில்லைகளுக்கு எமன். ஜூன் முதல் செப்டம்பர் வரை, வில்லை அலமாரிக்குள் நாற்பது வாட் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்து, ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானதும் எடுத்து வாட்டி வைத்த ஆய்வக உதவியாளர் தமிழ் அறியாதவர். அவருக்கு மராத்தியில் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு வில்லையிலும் பூஞ்சை படியவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். இரவில் நாங்கள் அளக்கும்போது நடைபாதை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த காவலர்களுக்கும் என் வணக்கம்.

நான் முகம் பார்க்காத ஒருவரும் உண்டு. பச்சை ஒளிர் புரதத்தின் மரபணு எங்களுக்குத் தேவைப்பட்டபோது, அயல்நாட்டு ஆய்வாளர் ஒருவர் அதை ஒரு துண்டு வடிதாளில் உலர்த்தி, பென்சிலால் வட்டமிட்டு, சாதாரண உறையில் அனுப்பினார். கட்டணமோ கட்டுரையில் பங்கோ கேட்கவில்லை. அந்த மரபணுவின் வரலாறே கொடையின் வரலாறுதான். ஓசமு ஷிமோமுரா குடும்பத்தோடு கடற்கரையில் ஜெல்லி மீன்களை ஆயிரக்கணக்கில் சேகரித்து, 1962இல் அப்புரதத்தைப் பற்றி எழுதினார். டக்ளஸ் பிரஷர் 1992இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வைத் தொடர நிதி கிடைக்காத நிலையில், மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் கொடுத்தார். ஷிமோமுராவோடு அவ்விருவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பிரஷர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் அவரையும் அவர் மனைவியையும் தங்கள் செலவில் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துச் சென்றார்கள். அது பெருந்தன்மைதான், ஆனாலும் அவருக்கு உரிய ஆய்வகம் உரிய காலத்தில் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்துதான், நான்கு வரி நன்றியுரை எனக்கு உறுத்தத் தொடங்கியது.

என் மனைவிக்கு ஒரு சொல். அளவீட்டு இரவுகளில் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் நீ ஒருத்தியே சுமந்தாய். மகளின் பள்ளி விழாக்களில் என் நாற்காலி காலியாக இருந்ததை, அவளும் நீயும் ஒருநாளும் குற்றமாகச் சொன்னதில்லை. எனக்கு அது குறைதான்.

அடுத்து இந்த அறைக்கு வரும் இளம் ஆய்வாளருக்கு: நுண்ணோக்கியின் குறிப்பேடுகள் இடப்பக்க அலமாரியில் உள்ளன. அடியிலுள்ள இழுப்பறையில் கருப்பேற்றிய குழாய்களும் இன்வார் வளையங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அண்ணாச்சியின் பெயரைப் பொறித்துவைத்திருக்கிறேன். அவற்றைப் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிட வேண்டாம். ஜூன் பிறந்துவிட்டால் அலமாரியின் விளக்கை ஏற்றிவிடுங்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெறும் உங்கள் உயிர் இயற்பியலாளன்