கொல்லைக் கோழிகளுக்கு வேலி: நண்பனுக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். என் மனைவியின் மூட்டுவலியும் இப்போது குறைந்திருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் வீட்டுக்குக் குடிபோன கையோடு ஆறு நாட்டுக்கோழிகளை வாங்கிவிட்டாய் என்பதையும், அவை கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டு அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் போய்வருவதால் அவ்வீட்டாரோடு மனவருத்தம் வந்துவிடுமோ என்று நீ கவலைப்படுவதையும் அறிந்தேன். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் நமக்குக் கொல்லை முழுவதும் கம்பிவலை அடிக்கும் செலவு தாங்காது. அது தேவையும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. கையிலுள்ள பணத்தை இரவுக் கூண்டுக்கு வைத்துக்கொள். பகலுக்குச் சிறிய அடைப்பு ஒன்று போதும்.

கோழிகளைக் காலையிலேயே திறந்துவிடாமல் பகலெல்லாம் அடைப்பில் வைத்திருந்து, பொழுது சாய்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வெளியே விட்டால், அவை வெகுதூரம் போவதில்லை. வெளிச்சம் மங்கியதும் பழகிய கூண்டுக்குத் தாமாகவே திரும்பிவிடும். ஆனால் புதிதாக வாங்கியவற்றை முதல் ஒரு வாரமாவது வெளியே விடாமல் கூண்டிலேயே தீனி வைத்து வளர்த்தால்தான் அதைத் தம் இடமாக ஏற்றுக்கொள்ளும். குருணையோ கம்போ எதுவானாலும் அந்தியில் கூண்டுக்குள் மட்டுமே வை. அந்த ஒரு பிடி தானியம் செய்யும் வேலையை எந்த வேலியும் செய்யாது.

அடைப்புக்குக் கோழி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி என்று கணக்கிட்டால், உனக்குப் பத்தடிக்கு ஆறடி இடம் போதும். நம் பக்கத்தில் சவுக்குக் கழி தாராளமாகக் கிடைக்கிறது. மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் கருக்கி நட்டால் கரையானும் ஈரமும் அதைச் சீக்கிரம் தின்பதில்லை என்பார்கள். கழிகளைச் சுற்றிக் கட்டுவதற்குப் பழைய நைலான் மீன்வலை நல்லது. துறைமுகப் பக்கம் விசாரித்தால் கிழிந்த வலைகளைச் சொற்ப விலைக்கே தருவார்கள். ஆனால் வலையைத் தரைவரை தொங்கவிடாதே. கோழியின் கால் அதில் சிக்கும். சாரைப்பாம்பு நுழைந்தால் மீள முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஆகையால் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பனைமட்டைகளை நெருக்கமாக நட்டு, அதற்கு மேலே வலையைக் கட்டு.

நாட்டுக்கோழி நன்றாகப் பறக்கும் என்பதால் உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது. உயரத்தைவிட முக்கியமானது, வேலியின் உச்சியில் குறுக்குக் கழி கட்டாதிருப்பது. கோழி பெரும்பாலும் ஒரே பறப்பில் வேலியைத் தாண்டுவதில்லை. உச்சியில் ஏறி உட்கார்ந்து, பிறகுதான் மறுபுறம் குதிக்கிறது. பிடிமானம் இல்லாமல் தளர்ந்து ஆடும் வலையின் மேல் உட்கார அதற்குத் துணிவு வராது. அப்படியும் ஒன்றிரண்டு தாண்டினால், அவற்றுக்கு மட்டும் ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளைக் கத்தரித்துவிடு. இரு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது; ஒரு பக்கம் மட்டும் வெட்டினால்தான் பறக்கத் தடுமாறும். முற்றிய இறகை வெட்டுவது நமக்கு நகம் வெட்டுவது போன்றதுதான், வலிக்காது. ஆனால் புதிதாக முளைத்து வரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும், அதைத் தொடாதே. இறகுதிர்த்து மறுபடி முளைத்ததும் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். எல்லாக் கோழிகளுக்கும் இதைச் செய்வதை நான் விரும்புவதில்லை. நாய் துரத்தினால் மரத்தில் ஏறித் தப்ப அவற்றுக்கு வழி இருக்க வேண்டும்.

இரவுக் கூண்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. கீரியும் மரநாயும் நுழைய முடியாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை வாங்கி, கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வை. இங்கே உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. நீ கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் உனக்கு இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். குஞ்சு பொரித்தால் தாயோடு பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடிவிடு, பருந்துக்கும் காக்கைக்கும் அதுவே போதுமான காவல்.

கீரைப் பாத்திக்கு, விதை முளைத்து வேர் பிடிக்கும்வரை முள்கிளைகளைப் பரப்பிவை. கத்தரிச் செடிகளின் தூரைச் சுற்றி உடைந்த நாட்டு ஓடுகளைப் பதித்துவிட்டால் கோழி அங்கே கிளற முடியாது.

அடுத்த வீட்டுப் பக்கத்து எல்லைக்குக் கிளுவை வேலியே சிறந்தது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் நம் இரண்டு ஊர்களையும் புரட்டிப் போட்டபோது என் கொல்லையில் பலா சாய்ந்து, கட்டியிருந்த வேலியெல்லாம் போய்விட்டது; அதன் பிறகு நான் கிளுவைதான் நட்டேன். கொம்பை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும், காசு செலவில்லை. இடைவெளி அடைபட இரண்டு மழைக்காலமாவது ஆகும். அதுவரை அடியில் தென்னங்கீற்றுத் தட்டி வைத்துக்கொள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் நட்டுவிடுவது நல்லது. எல்லையின் நீளத்தை அளந்து எழுது. அரை அடிக்கு ஒன்று என்ற கணக்கில் என் வேலியிலிருந்தே கொம்புகளை வெட்டி, கட்டாகக் கட்டிப் பேருந்தில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்